அரளி இல்லாத வரைபடம்

சரிவு இருபதுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது.
பாதை முட்டுச்சந்தில் முடியக் கூடாது.
இருக்கைக்குக் கைப்பிடி வேண்டும்,
சாய்வதற்கு அல்ல, எழுவதற்கு.
முள், வழுக்கும் பழம், நச்சுச் செடி
எதுவும் கூடாது.
செட்டூபல் முதியோர் இல்லத்தின் பின்முற்றத்துக்கு
இப்படித்தான் வரைபடம் போட்டேன்.
கூடாதுகளைக் கழித்து
மிஞ்சிய இடத்தில் ஒரு தோட்டம்.

சக்கர நாற்காலி அடியில் நுழையும்படி
இடுப்பளவு மண்மேடை.
கண் மங்கியவர்களுக்கு என்று
காற்றடிக்கும் பக்கம் லாவெண்டர்.

திறப்பு விழாவில் இயக்குநர் ரிப்பன் வெட்டினார்.
பதினோரு பேர் வெயிலில் வரிசையாக.
"எங்கள் குளியலறை சோப்பும் இதே வாசம்தான்,"
என்றார் அதெரிடோ.
கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டியவர்.
மறுவாரம் போனபோது
லாவெண்டர் பாதியைக் காணோம்,
பூண்டு முளைத்திருந்தது.
யாரைக் கேட்டாலும்
காற்றைக் கைகாட்டினார்கள்.

ஜுல்மீரா மட்டும்
பாதை முழுவதும் என்னோடு நடந்தாள்.
எண்பத்தேழு வயது. நடைவண்டி.
மத்திச் சாளை அடைக்கும் ஆலையில்
பதிமூன்று வயதில் சேர்ந்தவள்.
படகு வந்ததும் சங்கு ஊதுமாம்,
நடுச்சாமம் என்றாலும் ஓடவேண்டும்.
ஆலைக்கு ஒரு சங்கு,
தூக்கத்திலேயே தன் சங்கைப் பிரித்தறிவாளாம்.
"இப்போதும் சங்குக்குத்தான் உட்கார்ந்திருக்கிறோம்,"
என்று சிரித்தாள். நான் சிரிக்கலாமா என்று
தெரியாமல் நின்றேன்.

சுற்று முடிந்தது. கேட்டாள்:
"அரளி எங்கே?"

நச்சு, என்றேன். விதி இருக்கிறது.

நடைவண்டியின் இரண்டு பிரேக்கையும் அழுத்திவிட்டு
நிமிர்ந்தாள்.

"ஆலை மதிலோரம் பூராவும் அரளி.
அந்த நிழலில்தான் ரொட்டி தின்றோம்.
பிள்ளைகளை மீன்பெட்டியில் போட்டு
அதனடியில் கிடத்திவிட்டு
மீன் தலை கிள்ளப் போனோம்.
ஒருத்தி அதைத் தின்னவில்லை.
தின்றுவிடலாமா என்று தோன்றிய நாளும் உண்டு,
எழுதிக்கொள்.
அன்றைக்கும் தின்னவில்லை.
இனிமேலா தின்னப்போகிறேன்?"

என்னிடம் பதில் இருந்தது.
இரண்டாம் மாடியில் மறதிக்காரர்கள் ஒன்பது பேர்,
இலையைக் கீரை என்று நினைக்கக்கூடும்.
சரியான பதில்தான்.
சொல்லும்போது குரல் ஏன் இறங்கியது
என்றுதான் தெரியவில்லை.
"ஓ, எர்மெலிந்தா," என்றாள்.
"ஆமாம். அவள் தின்பாள்.
நாப்கினையே தின்கிறாள்."
பிரேக்கை விடுவித்தாள்.
மீதி தூரம் பூண்டைப் பற்றிப் பேசினோம்.

நவம்பரில் வருடாந்தரச் சோதனை.
கைப்பிடிகள் ஆடவில்லை. ஓடுகள் பெயரவில்லை.
ஜன்னல்களைப் பார்க்க மேலே போனேன்.
பதினான்காம் அறையில்,
திரைக்குப் பின்னால், ஜாம் பாட்டிலில்
ஒரு குச்சி.
கணுவுக்கு மூன்று இலை, நீளமாக, தோல் போல.
தண்ணீருக்குள் வெள்ளை நூலாய் வேர்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று
வேன் பெட்ரோல் போட நின்றதாம்.
நெடுஞ்சாலை நடுவே அவ்வளவும் அரளி.
சாலையைக் கடந்தது யார்?
அதெரிடோவின் முழங்காலுக்கு
இன்னும் கட்டுப் போட்டிருக்கிறது.
நான் கேட்கவில்லை.

ஜுல்மீரா கட்டிலில் உட்கார்ந்து
காலுறையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.
கதவு பூட்டக் கூடியது.
சாவி அவள் கழுத்தில்.
இதை முதலில் பார்த்தேனா,
அப்புறம் தேடிப் பார்த்தேனா,
இப்போது சொல்ல முடியாது.

படிவத்தில் ஒரு கட்டம்:
அறையில் செடி உண்டா. உண்டு.
இனம்?
'தெரியவில்லை' என்று எழுதினேன்.
இருபத்தாறு வருடமாகச் செடி வைப்பவள்.

"குளிருக்கு முன்னால் மண்ணுக்கு மாற்றணும்,"
என்றாள், காலுறையிடம்.

டேப்பை இழுத்து ஜன்னலை அளந்தேன்.
அகலம் தொண்ணூறு.
அது எனக்கு முன்பே தெரியும்.